கொழும்புப் புழுக்கத்தில் மொடல் காருக்கு மெட்டாலிக் அடிப்பது எப்படி

ஒரே மொடல் காரின் பெயின்டை மூன்று தரம் உரித்தவன் எழுதுகிறேன். 1/24 அளவில் ஒரு நிசான் ஸ்கைலைன் ஆர்32. முதல் தரம் அடித்த சாம்பல் மெட்டாலிக், பால் சிந்தினது போல வெளுத்தது. இரண்டாம் தரம் போனட் முழுக்கத் திட்டுத்திட்டாக வந்தது. மூன்றாம் தரம் வடிவாகத்தான் வந்தது. கூரையில் ஒட்டிக்கொண்ட ஒரேயொரு தூசியை எடுக்கப் போய் நானே கெடுத்தேன். நான்காம் தரம் சரிவந்த பிறகு பார்த்தால், மூன்று பிழைகளும் முன்கூட்டியே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் நடந்திராதவை.

நாள்கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவேலை மொத்தம் ஐந்தாறு மணித்தியாலம். காத்திருப்பு மூன்று கிழமை. பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிற யோசனை இருந்தால் ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

1. எந்தச் சில்வர் வேண்டும்?

கடையில் "மெட்டாலிக்" என்று கேட்டால் மூன்று வேறு சாமான்கள் வரும். ஒன்று, அலுமினியத்தின் மெல்லிய செதில்கள் கலந்த சாதாரண மெட்டாலிக். இரண்டு, அலுமினியத்துக்குப் பதிலாக மைக்கா கலந்தது. பேர்ல் என்றும் எழுதியிருக்கும், வெளிச்சத்தில் நிறம் மென்மையாக மாறும். மூன்று, குரோம், எஃகு போலக் காட்டுகிற பெயின்ட். இது சில்லுகளுக்கும் சைலன்சருக்கும் உரியது. முழுக் காருக்கும் அடித்தால் அலுமினியச் சட்டி போலிருக்கும். கார்க் கூட்டுக்கு முதல் இரண்டில் ஒன்றுதான்.

அடுத்தது செதிலின் அளவு. இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. 1/24 மொடலில் தனியாகக் கண்ணில் படுகிற ஒரு மினுக்கம் அரை மில்லிமீற்றர் என்றால், நிஜக் காரில் அது 12 மில்லிமீற்றர். சட்டைப் பொத்தான் அளவு. அப்படி மினுங்குகிற கார் காலி வீதியில் ஓடி நான் பார்த்ததில்லை. செதில் எவ்வளவு நுண்மையோ அவ்வளவுக்குக் கார் பெரிதாகத் தெரியும். டாமியா என்ற மொடல் நிறுவனத்தின் டிஎஸ் ஸ்பிரே வரிசையில் டிஎஸ்-30 சில்வர் லீஃப், டிஎஸ்-17, டிஎஸ்-83 மூன்றுமே "சில்வர்"தான், மூன்றும் மூன்று விதம். மூடியின் நிறத்தை நம்பாமல், அடித்துக் காய்ந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக் காரின் நிறத்திலேயே வேண்டும் என்றால் அதன் நிறக் குறியீட்டைத் தேடுங்கள். டொயோட்டாவில் எஞ்சின் பக்கமோ கதவுச் சட்டத்திலோ உள்ள தகட்டில் "சி/டிஆர்" என்ற இடத்தில் இருக்கும். 1எஃப்7 என்றால் கிளாசிக் சில்வர். ஆர்32இன் கன் கிரே மெட்டாலிக் கேஎச்2. வாகனப் பதிவுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதில் நிறத்தின் பெயர் இருக்குமே தவிர இந்தக் குறியீடு இராது.

குறியீட்டைக் கொடுத்தால் வாகனப் பெயின்ட் கலக்கும் கடையில் அதே நிறத்தைச் சிறு போத்தலில் கலந்து தருவார்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முதல் காருக்கு வேண்டாம். அந்தச் செதில் நிஜக் காருக்கு அளந்தது. அதன் தின்னர் மொடல் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். நல்ல பிரைமர் (அடிப்பூச்சு) கீழே இல்லாவிட்டால் மேற்பரப்பு வெடித்த சேறு போலச் சுருங்கும்.

2. சாமான் வாங்குவது

முதல் பொறி இங்கேதான். டாமியா ஸ்பிரேயில் டிஎஸ் என்றும் பிஎஸ் என்றும் இரண்டு வரிசை, கேன்கள் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் ஒளிபுகும் பொலிகாபனேற் கூட்டுக்கு, அதுவும் உட்பக்கத்தில் அடிப்பதற்கு. ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் கிட்டுக்கு டிஎஸ். கடைக்காரரே மாற்றித் தந்துவிடக்கூடும், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு 1/24 காருக்கு என் கணக்கு: சாம்பல் பிரைமர் ஒரு கேன் (இரண்டு மூன்று கார்களுக்குப் போதும்), மெட்டாலிக் 100 மில்லி ஒரு கேன், டிஎஸ்-13 கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) ஒரு கேன். கிளியரை மட்டும் இரண்டாக வாங்கினால் நிம்மதி. பாதியில் முடிந்தால் அன்றைக்கு வேறு வழியில்லை. வோட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் தாள்) 600, 1000, 1500, 2000 இலக்கங்களில் ஒவ்வொரு தாள். மாஸ்கிங் டேப், கையுறை. இவை பழைய சோனகத் தெரு ஹாட்வெயார்களில் மலிவு. பொலிஷ் கொம்பவுண்டும், பெயின்ட் உரிக்க வேண்டி வந்தால் தேவைப்படுகிற பிரேக் ஒயிலும் பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும்.

முகக்கவசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த ஸ்பிரேக்கள் லாக்கர் வகை, தின்னரில் கரைந்தவை. மருந்துக்கடை முகக்கவசம் அந்த ஆவியை நிறுத்தாது. இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த, பெயின்ட் வேலைக்காரர் போடுகிற கவசம்தான் வேண்டும். வாசம் உள்ளே வரத் தொடங்கினால் வடிகட்டியை மாற்றும் நேரம்.

செலவு? என் முதல் காருக்குப் பிழைகளும் சேர்ந்து பெயின்ட்ச் சாமான் கிட்டின் விலையைத் தாண்டியது. இப்போது கிட் வாங்கும்போதே இன்னொரு பாதி விலையை ஒதுக்கிவைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு: ஸ்பிரே கேன் அமுக்கவாயுவும் தீப்பற்றும் திரவமும் சேர்ந்தது. விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், பயணப் பெட்டிக்குள் வைத்து வரச்சொல்லி உறவுக்காரரைச் சிக்கலில் மாட்டவும் வேண்டாம். லாக்கர் போத்தலும் தீப்பற்றும் சரக்குத்தான். நீரில் கரையும் அக்ரிலிக் வகைகளை மட்டும் வரவழைக்கலாம். அப்போதும் விற்பவரிடம் அந்தப் பெயின்டின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கி அச்சிட்டு வையுங்கள். பொதி சுங்கத்தில் நின்றால் தபால் அறிவித்தல், தேசிய அடையாள அட்டை, பணம் கட்டிய பற்றுச்சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். தீர்வை சாமான் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்த பெறுமதிக்கு. கடல் வழியாக மொத்தமாக எடுத்து விற்கிற உள்ளூர்க் கடை சொல்லும் விலை முதலில் அநியாயமாகத் தோன்றும். ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தோன்றாது.

3. நாள் பார்ப்பது

என் அம்மா எதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பார். நான் ஈரப்பதமானி பார்க்கிறேன். கொழும்பில் மெட்டாலிக் அடிப்பவருக்குக் கேனை விட முக்கியமான சாமான் அந்தச் சின்ன மீற்றர்தான்.

லாக்கரின் கரைப்பான் படக்கென்று ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் கூடவென்றால் அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் நீர் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்தப் பால் வெளுப்பு. வெள்ளைக் காரில் கண்ணுக்குத் தெரியாது. சில்வரிலும் கறுப்பிலும் தெரியாமல் விடாது.

என் அளவுகோல்: 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் அடிப்பேன். 75ஐத் தாண்டினால் கேனைத் தொடமாட்டேன். இடைப்பட்டது என்றால் பிரைமர் மட்டும். இரவில் எல்லோரும் படுத்த பிறகு அடிக்கலாம் என்று தோன்றும். இரவுதான் இங்கே ஈரம் உச்சம். மழையில்லாத நாளில் காலை பத்தரைக்கும் பின்னேரம் இரண்டுக்கும் இடையே நல்ல நேரம். வருடத்தில் ஜனவரி, பெப்ரவரி சிறந்தவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக்கு நடுவே வெயில் நாட்களைப் பொறுக்க வேண்டும். ஒக்டோபர், நொவம்பரில் காலை பளிச்சென்று இருந்து பின்னேரம் இடி இடிக்கும், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இனி, நான் அகப்பட்ட பொறி. ஈரத்துக்குப் பயந்து கூட்டை ஏசி அறையில் இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் நேரே பல்கனிக்குக் கொண்டுவந்து அடித்தேன். கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும்: ஏசி வாகனத்தை விட்டு இறங்கியதும் கண்ணாடி மங்கும். கூட்டுக்கும் அதேதான் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத வியர்வையின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறேன். ஏசி அறை காய வைப்பதற்கு நல்லது. ஆனால் அங்கிருந்து எடுத்த கூட்டை மூடிய பெட்டியோடு வெளியே ஒரு மணித்தியாலம் வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகே திறந்து அடியுங்கள்.

இடம்: வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனி என்றால் கடற்காற்று தூசியோடு வரும். ஒரு பெரிய கடதாசிப் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, உட்புறத்தை லேசாகத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அதற்குள் அடியுங்கள். அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் கதவு மூடியிருக்க வேண்டும். மேல்வீட்டு அன்ரியின் கொடியில் உடுப்பு காய்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். சாம்பல் பெயின்ட் படிந்த வெள்ளைச் சட்டைக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4. கூட்டைத் தயார்செய்வது

அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். கழுவிய பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

அச்சுக் கோடுகள் மட்கார்டிலும் கூரை ஓரத்திலும் மெல்லிய முடி போல ஓடும். 600இல் தொடங்கி 1000இல் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுங்கள். மெட்டாலிக் எதையும் மறைக்காது. செதில்கள் கீறலின் ஓரமாக வரிசைகட்டிப் படுத்து அதை இன்னும் காட்டிக்கொடுக்கும். பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். மேசை விளக்கைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்: இருந்த கீறல் எல்லாம் வெளியே வரும். 1500ஆல் நீரோடு தடவிச் சரிசெய்து, தேவையென்றால் மீண்டும் ஒரு பூச்சு.

சில்வருக்கும் சாம்பலுக்கும் சாம்பல் பிரைமர், வெளிர் நிறங்களுக்கு வெள்ளை. பளபளப்பான கறுப்பின் மேல் சில்வர் அடித்தால் நிறம் ஆழமாகும், ஆனால் கறுப்பில் உள்ள ஒவ்வொரு குறையும் மேலே தெரியும்.

5. கரண்டியில் ஒத்திகை

பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கரண்டிகள் ஒரு பக்கற் வாங்கி வையுங்கள். கரண்டியின் முதுகு மட்கார்டு போல வளைந்தது. அதே பிரைமர், அதே பெயின்ட், அதே கிளியர், அதே நாள். கரண்டி வெளுத்தால் கார் அன்றைக்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

6. அடிக்கும் நாள்

கேனை 40 பாகை அளவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கை தாங்குகிற சூடு, அவ்வளவுதான். அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. சூடேறிய கேனில் அழுத்தம் கூடித் துளிகள் நுண்மையாக வரும். பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். செதில்கள் கனமானவை, அடியில் போய்ப் படுத்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் மறுபடி குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பூச்சு ஒரு நிறம், கடைசிப் பூச்சு இன்னொரு நிறம்.

பம்பர், பக்கக் கண்ணாடி, தனியாக வரும் போனட் எல்லாவற்றையும் அதே நேரத்தில் அடியுங்கள். காரில் எந்தப் பக்கம் பார்த்து இருக்குமோ அதே நிலையில் குச்சியில் நிறுத்துங்கள். செதில்கள் விழும் கோணத்தைப் பொறுத்து நிறம் மாறும். படுக்கவைத்து அடித்த பம்பர் ஒரே கேனிலிருந்து வந்தாலும் வேறு காருடையது போல நிற்கும்.

என் இரண்டாம் தோல்விக்குப் பிறகு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜில் பெயின்ட் பாஸ் ஒருவரிடம் போனட்டைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது ஒரேயடியா நனைச்சிருக்கு. காருக்கு வெளியில தொடங்கணும், காருக்கு வெளியில முடிக்கணும். நடுவில கை நிக்கக்கூடாது." பிறகு ஸ்பிரே கன்னே இல்லாமல் வெறுங்கையை வீசிக் காட்டினார். மணிக்கட்டு மடங்கவே இல்லை, தோளிலிருந்து முழுக்கை போய்வந்தது.

அதுதான் விஷயம். கூட்டிலிருந்து 20, 25 சென்ரிமீற்றர் தூரம். கூட்டுக்கு ஒரு சாண் முன்னால் பொத்தானை அமத்தி, தாண்டிய பிறகு விடுங்கள். முதல் பூச்சு வெறும் பனி. பிரைமர் கீழே தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து இன்னொரு பனி. மூன்றாவதும் நான்காவதும் சற்று ஈரமாக, ஒரு கோட்டின் பாதி அடுத்த கோட்டில் ஏறும்படி. தடித்து நனைத்தால் செதில்கள் மிதந்துபோய் ஓரிடத்தில் கூடும். திட்டு வருவது அப்படித்தான். மிகத் தூரத்திலிருந்து அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் போலப் படியும்.

திட்டு தெரியத் தொடங்கினால் பதறி அதன் மேலேயே இன்னும் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, 30, 35 சென்ரிமீற்றருக்குப் பின்வாங்கி, போனட், கதவு என்று அந்த முழுப் பலகைக்கும் ஒரு மெல்லிய பனி போடுங்கள். செதில்கள் ஒழுங்கில்லாமல் சமமாகப் படிந்து திட்டை மறைக்கும்.

எயார்பிரஷ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: 0.3 மில்லிமீற்றர் ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், லாக்கர் பெயின்டுக்கு ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு இரண்டு வரை லெவலிங் தின்னர் (மெல்லக் காயும் தின்னர்). இங்கே கொம்பிரசரில் ஈரம் பிடிக்கும் குடுவை கட்டாயம். அரை மணித்தியாலத்தில் அதில் தண்ணீர் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

7. கையைக் கட்டிக்கொள்வது

காய்ந்த மெட்டாலிக் மங்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம், பளபளப்பு கிளியரில்தான் வரும். இந்தக் கட்டத்தில் வோட்டர் பேப்பரோ பொலிஷோ படவே கூடாது. தேய்த்த இடத்தில் செதில்கள் அறுந்து கரும்புள்ளியாகும், அதன் மேல் எவ்வளவு கிளியர் போட்டாலும் மறையாது. என் மூன்றாம் தோல்வி இதுதான். தூசி விழுந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு அந்த முனையை மட்டும் 2000ஆல் தொட்டெடுத்து, பிறகு அந்தப் பலகை முழுவதற்கும் மறுபடி மெட்டாலிக் பனி போட வேண்டும். புள்ளிக்கு மட்டும் போட்டால் வட்டமாகத் தெரியும்.

வெளுத்துப்போனால், வறண்ட நாள் வரும்வரை காத்திருந்து லெவலிங் தின்னரை எயார்பிரஷால் லேசாகத் தூவினால் பல நேரம் தெளியும். தெளியாவிட்டால் உரிக்க வேண்டியதுதான். ஐசோபுரோபைல் அல்கஹோலில் ஒரு நாள் ஊறவிடுங்கள், அசையாவிட்டால் பிரேக் ஒயில். ஹாட்வெயார் தின்னரை ஊற்றினால் பெயின்டோடு காரும் கரையும்.

8. கிளியர்

மெட்டாலிக் ஒரு நாள் காய்ந்த பிறகு கிளியர். கிட்டோடு வரும், நீரில் ஊறவைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால் இரண்டுக்கும் நடுவே ஒட்டி, நீர் முழுக்கப் போக இரண்டு நாள் விடுங்கள். டிஎஸ்-13 சூடான சரக்கு, அதாவது அதன் கரைப்பான் கடுமையானது. முதல் பூச்சையே ஈரமாக அடித்தால் ஸ்டிக்கர் சுருண்டுபோகும். மூன்று பனிப்பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணித்தியாலம், அதன் பிறகே இரண்டு ஈரப்பூச்சு. ஈரப்பதமானியை இன்றைக்கும் பாருங்கள், கிளியரும் வெளுக்கும்.

நிஜக் காருக்குக் கடினமாக்கி கலந்து போடும் டூகே கிளியர் கண்ணாடி போல நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது, அது நுரையீரலுக்குப் பொல்லாதது. பல்கனியில் வேண்டாம்.

9. பொலிஷும் மிச்ச வேலையும்

கிளியர் அடித்துப் பத்து நாளாவது விடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு கிழமை. மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் தின்னர் வாசம் வரக்கூடாது. பிறகு 2000, கிடைத்தால் 3000, நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு. கதவு ஓரம், போனட் மடிப்பு போன்ற கூரிய இடங்களுக்கு முதலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்; அங்கே கிளியர் மெல்லியது, நாலு தேய்ப்பில் அடியில் உள்ள செதில் வரை போய்விடும். டேப்பைக் கடைசியில் எடுத்து அந்த ஓரங்களைக் கொம்பவுண்டால் மட்டும் மெல்லத் துடைத்தால் போதும்.

மிஞ்சிய கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு செக்கன் அமத்திவிட்டு, முனையைத் தின்னர்த் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். மேலே திகதி எழுதி ஒரு டேப் ஒட்டுங்கள். அடித்த கரண்டியையும் அதிலேயே கட்டிவையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பக்கக் கண்ணாடி உடைந்து புதிதாக ஒன்று அடிக்க வேண்டி வரும்போது எந்த நிறம் என்று தேட வேண்டியிராது.